பூட்டுக் கடையில் பிட்காயின்

"கையில தொட முடியாதாம், கண்ணால பார்க்க முடியாதாம். அப்புறம் அதை எப்படி சார் காசுன்னு நம்புறது?"

சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுப் பூட்டுக் கடைக்காரி கேட்டாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சளைக்காமல் ஆரம்பித்தார்.

"மறுபடி சொல்றேன், கேளுங்க. பிட்காயினுக்கு ஒரு பர்ஸ் இருக்கு. நிஜப் பர்ஸ் இல்ல, போன்ல இருக்கிற பர்ஸ். அதுக்கு ரகசியச் சாவி ஒண்ணு உண்டு."

"தொலைஞ்சா நான் வேற வெட்டித் தர முடியுமா?"

"முடியாது. தொலைஞ்சா தொலைஞ்சதுதான்."

"அப்போ என் பிழைப்புல மண்ணைப் போடுற சாமான்னு சொல்லுங்க!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தானே அவர் வருவது!

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர் அவர். கூலி பிட்காயினில் வரும். மனைவி இறந்தபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். அவளும், காலமான கணவரின் கடையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் தடவை வாசல் கதவுக்கு மாற்றுச் சாவி செய்ய வந்தவர், "பிட்காயினாக் கொடுத்தா வாங்கிக்குவீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தார்.

"அப்படின்னா என்ன சார்?" என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதோடு சரி, ஆள் விழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பின்கதவுக்குச் சாவி செய்தார். அலமாரிக்குச் செய்தார். பூட்ட வேண்டிய அவசியமே இல்லாத மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ஆனா ஆவன்னாவிலிருந்து பாடம். கடைசியில் அவள், "மண்டையில ஏறலையே சார். இன்னொரு நாள் சாவகாசமா சொல்லுங்க. இப்போதைக்கு ரொக்கமே கொடுங்க" என்பாள்.

ஏறாதது அவள் குற்றமில்லை. அவர்தான் வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பிச் சொல்லிவைத்தார். புரிந்துவிட்டால் அப்புறம் இங்கே வர என்ன சாக்கு? பாவம், ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது.

இன்று சாவி செய்ய வீட்டில் எதுவும் மிச்சமில்லை. போன வாரம் வாங்கிய சாவியையே நீட்டி, "சரியாத் திரும்ப மாட்டேங்குது" என்று புளுகினார். அவள் அதை வாங்கி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கும் வாங்க சார். அந்தப் பர்ஸ் விஷயம் பாதியில நிக்குது."

போதும் இந்தத் திருட்டு விளையாட்டு, நாளைக்கு மனசிலிருப்பதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெறுங்கையோடு போய்ச் சொல்வதா? பக்கத்துப் பூக்கடைக்குள் நுழைந்து நாளைக்கென்று ஒரு ரோஜாக் கொத்துக்குச் சொல்லிவைத்தார்.

பணம் கொடுக்கப் போனபோது கல்லாவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 'இங்கே பிட்காயின் வாங்கப்படும்.'

"அட, நீங்க வாங்குறீங்களா? யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

பூக்கடைக்காரர் வேறொரு கொத்தைக் கட்டியபடியே சொன்னார்: "எனக்கு மட்டுமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இந்தத் தெருவுல அத்தனை கடைக்கும் போன்ல பிட்காயின் பர்ஸைப் போட்டுக்கொடுத்து, பச்சைப்பிள்ளைக்கும் புரியிற மாதிரி சொல்லிக்கொடுத்தது நம்ம பூட்டுக்கடை அக்காதான் சார்!"