கமாண்டரின் குரல்

பதினோராவது டேக்கிலும் நடிகர் குளறினார்.

"கடைசிக் கப்பல் கிளம்பட்டும். நான் இங்கேயே இருக்கேன்."

இவ்வளவுதான் வசனம். அதற்குள் நாக்கு நாலு இடத்தில் சறுக்கியது.

"மைக் சரியில்லை," என்றார் நடிகர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வரிசையாக வந்த விண்வெளி வீடியோ கேம்களை வைத்து கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் எடுத்திருந்தார்கள். கேமில் பதினைந்து வருடமாகக் கமாண்டருக்குக் குரல் கொடுத்தவர் ஒரு டப்பிங் கலைஞர். படம் என்று வந்ததும், குரலுக்கும் பிரபலமான முகம் வேண்டுமென்று நடிகரைப் பிடித்தார்கள். பழையவருக்குக் கூட்டத்தோடு "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தும் வேலை. அதற்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

பன்னிரண்டாவது டேக் இன்னும் மோசம். நடிகர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"எனக்கு வராது சார். கேம்ல பேசினவரையே பேச வைங்க."

"போஸ்டர்ல உங்க பேரைப் போட்டாச்சே," இயக்குநர் தவித்தார்.

"எடுத்துடுங்க."

விறுவிறுவென்று கிளம்பிப் போய்விட்டார்.

"முகம் மட்டும் இருந்தா ஆச்சா?" என்று முணுமுணுத்தார் ஒலிப்பதிவாளர்.

வேறு வழியில்லாமல் பெஞ்சில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள்.

"கமாண்டருக்கா? நானா?" இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் மைக் முன்னால் நின்றார்.

ஒரே டேக். பேசி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், வேண்டாத பதிவுகளை அழிக்க உட்கார்ந்தார் ஒலிப்பதிவாளர். டீ இடைவேளையில் மைக்கை அணைக்க மறந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஹெட்போனில் நடிகரின் குரல். அதே வசனம். ஒரு பிசிறு இல்லை. உடம்பு சிலிர்த்தது.

அடுத்து, போனில் மனைவியிடம் பேச்சு.

"கேட்டியா? நல்லாத்தான் வருது. ஆனா பதினஞ்சு வருஷமா பேசினவர் வெளியே பெஞ்சில உக்காந்திருக்காரு. அவர் வாயிலேர்ந்து பிடுங்கி நான் பேசணுமா? குளறிட்டு வந்துடறேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஒலிப்பதிவாளருக்கு முகம் சுட்டது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, ஹீரோ பேசினதா? தேறுமா?"

"எல்லாம் குளறல் சார்," என்று சொல்லிவிட்டு அழித்தார்.