மண் ஒப்புக்கொள்ளாத பதிவு

உலக உழவர்கள் தங்கள் நிலத்தின் கதைகளைப் பகிரும் மண்ணேடு என்ற வலைத்தளத்தில் பிறருடைய வயல்களைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டுமானால், முதலில் நம் வயல் கெட்ட கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலத்துக்குள் புதைத்த உணரிகள் ஒப்புக்கொண்டால்தான் அது பதிவாகும். உலகம் முழுக்க இதுதான் விதி. விளாத்திகுளத்துக் கரிசலுக்கும் அதேதான்.

மாரிக்கனியின் பருத்திக் காட்டில் வடக்கு மூலையில் இரண்டு வருடமாக எதுவும் முளைக்கவில்லை. பக்கத்துக் காட்டுச் சுடலைமுத்து அடித்த களைக்கொல்லிதான் காற்றில் வந்து கெடுத்தது என்று அவள் மண்ணேட்டில் மூன்றாம் முறையாகச் சொன்னாள். அதற்காகவே வரப்பில் நின்று அவரை ஏசி, பேச்சையும் நிறுத்தியிருந்தாள்.

திரையில் மறுபடியும் அதே வரி வந்தது: 'மண் இதை ஒப்புக்கொள்ளவில்லை.'

"மண்ணுக்கு என்ன தெரியும்?" என்று சீறினாள்.

அவள் கணவன் தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தான். "அதுக்குத் தெரியும் கனி. ரெண்டு வருசத்துக்கு முந்தி நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, பருத்தி எடுத்தப்பறம் காஞ்சு நின்ன பருத்திமாரைத் தூளாக்கி உழ அலுப்புப்பட்டு, அந்த மூலையில குமிச்சு நான்தான் தீ வச்சேன். அதுல மண்ணு வெந்துபோச்சு."

அவனை முறைத்துவிட்டு, அதை அப்படியே திரையில் சொன்னாள். உடனே பதிவானது.

முதல் பதில் பிரேசிலிலிருந்தோ கென்யாவிலிருந்தோ வரவில்லை. சுடலைமுத்துவின் குரலில் வந்தது.

"நானும் ஒருக்கா தீ வச்சுக் கெடுத்தவந்தான் தாயி. மூணு மழைக்குக் கொழுஞ்சிப் பசுந்தாள் வெதச்சு மடக்கி உழுதேன், மண்ணு எந்திரிச்சிருச்சு. வெத இருக்கு, வந்து வாங்கிக்க. அன்னைக்கே பொகையப் பாத்தேன். ஒன் புருசனே சொல்லட்டும்னு இருந்தேன்."

மாரிக்கனி ஓலைப்பெட்டியை எடுத்துக் கணவன் கையில் திணித்தாள்.

"தீ வச்சது நீங்க, ஏசுனது நான். ரெண்டு பேரும் போவோம், நடங்க."