பத்தாயிரத்துக்கு நாலு டயர்

“இருக்கிறதுலயே விலை குறைஞ்சது எதுவோ, அதுல நாலு போடுங்க” என்றான் பிரைட்டன், டயர் கடைக்குள் நுழைந்ததும்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது.

பிரைட்டன் என் மகள் டெல்பினின் புருஷன். நாசரேத்துக்காரன். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் வேம்பாரில் வாத்தியார் வேலை. காரில் தினமும் போகவர நூறு கிலோமீட்டர்.

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு நாளும் அவனை ‘மாப்பிள்ளை’ என்று நான் கூப்பிட்டதில்லை. ‘வாத்தியாரே’தான்.

“வாத்தியாரே, என் மவ போற வண்டி அது. கத்தரிக்காயா, விலை குறைஞ்சதாப் பாத்து எடுக்க?”

“தினப்படி ஓட்டத்துக்கு இது போதும் மாமா. எப்ப செஞ்ச டயருன்னு மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்.” குனிந்து, டயர் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

“போதுமாமே! உங்க பழைய டயரைப் பாத்தியளா? என் தலை மாதிரி இருக்கு.”

வீல் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆள் கேட்கிறது என்றால் எனக்குப் பேச்சு நிற்காது.

“போன மழைக்கு மூணு மாசம் காரை வீட்டுல கட்டிப் போட்டுட்டு, பொண்டாட்டியை பஸ்ல கூட்டிட்டுப் போன ஆளு இவரு. வேம்பார் வரைக்கும் நின்னுக்கிட்டே போயிருக்கா எம் பிள்ளை. டயர் தேஞ்சிரும்னு காரைப் பூட்டி வைச்ச கஞ்சனை எங்கயாவது பாத்திருக்கியளா?”

பிரைட்டன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“டயர் எப்படி வாங்கணும்னு நான் காட்டுதேன். நயினாரு, சொல்லும்வே. போன ஐப்பசியில என் காருக்கு நான் எப்படி வாங்குனேன்?”

கடைக்காரர் ஆறுமுகநயினார் சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன்.

“ஒண்ணு நாலாயிரத்து ஐந்நூறுன்னாரு. நாலும் சேத்துப் பத்தாயிரம், முடிஞ்சாப் போடும், இல்லன்னா ஆளை விடும்னேன். முடியாதுன்னாரு. விறுவிறுன்னு தெருமுனை வரைக்கும் நடந்தேன். திரும்பியே பாக்கல. பின்னாலயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாருல்லா! அன்னைக்கு நம்ம வாத்தியாரும் இங்கனதான் நின்னாரு. வாயத் தொறக்கணுமே? கல்லு மாதிரி நின்னாரு.”

முப்பது வருஷம் ஹார்பரில் வின்ச் ஓட்டியவன் நான். அங்கே இறக்கிய சரக்கைவிட இந்தக் கதையை அதிகம் இறக்கியிருப்பேன். கோயில் வாசலில், டீக்கடையில், தருவைக்குளத்தில் மீன் வாங்கும் இடத்தில். டெல்பினிடம் மட்டும் பத்துத் தடவை, புருஷன் காதில் விழும்படி.

“அதே டயரு. அதே பத்தாயிரம். வாத்தியார் வண்டிக்குப் போடும்.”

நயினார் முகம் செத்துவிட்டது. “அண்ணாச்சி... அது அன்னைக்கு. இப்ப விலை ஏறிட்டு.”

“ஒரு வருசத்துல என்னத்த ஏறும்? பில்லு இருக்கும்லா, பாரும்.”

“வேண்டாம் மாமா.” பிரைட்டன் சட்டென்று எழுந்து நின்றான். “எனக்கு இதுவே போதும்.”

“நீங்க சும்மா இருங்க. ஏளா பிள்ளே, என் வண்டி நம்பரைப் போட்டுப் பாரு.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் பேச்சிச்செல்வி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். நயினார் கண்ணைக் காட்டியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

“இருக்கு தாத்தா” என்றாள் சந்தோஷமாக. “நாலு டயரு, மொத்தம் பதினெட்டாயிரம். மனுவேல், ரொக்கம், பத்தாயிரம். பிரைட்டன், போன் மூலமா, எட்டாயிரம்.”

வீல் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிரைட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மணி எதுவும் அடித்த மாதிரித் தெரியவில்லை.

“என்னவே இது?”

நயினார் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு அவரு தன் வண்டிக்கு டயர் போடத்தான் பணத்தோட வந்திருந்தாரு அண்ணாச்சி. நீங்க கோவிச்சிக்கிட்டு நடந்ததும், ‘மாமா தேஞ்ச டயரோட மழையில உப்பளத்து ரோட்டுல மீன் வாங்கப் போவாங்க, கூப்பிடுங்க, மிச்சத்தை நான் தாரேன்’னாரு. ‘அப்ப உங்க வண்டிக்கு?’ன்னு கேட்டேன். ‘எங்களுக்கு பஸ் இருக்கு’ன்னாரு.”

வெளியே வேப்பமரத்தடியில், பேசாத போனைக் காதில் வைத்தபடி அவர் முதுகைக் காட்டி நின்றார். கூப்பிட வாயெடுத்தேன். ஆறு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. கேட்ட நேரத்துக்கு வருமா?

வராததால் நயினார் மேல் பாய்ந்தேன். “இத்தன நாளா ஊரெல்லாம் உளறிக்கிட்டுத் திரியுதேன். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னா என்னவே?”

“அன்னைக்கே சொல்லிருதேன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. அவருதான் கையைப் பிடிச்சிக்கிட்டாரு.” நயினார் மறுபடியும் அந்த மேஜையையே துடைத்தார். “‘மாமா ஜெயிச்சதாவே இருக்கட்டும்’னாரு.”