பெயர் சொன்ன வாய்

கடைசியாகத் தன் பெயரையும் சொல்லி லோச்சா மூச்சு விட்டபோது, பேராசிரியர் சுவன்னி கைதட்டியே விட்டார்.

அறுபதுக்கும் மேற்பட்ட தலைமுறை. அப்பன் பெயரின் கடைசி அசையில் மகன் பெயர் தொடங்கும். நடுவில் ஒன்று பிசகினால் அப்புறம் எல்லாமே பிசகிவிடும். ஜேலோவின் மகன் லோச்சா வரை ஒரு பிசகும் இல்லை.

வேலை முடிந்தது என்று எழுந்தான். தங்கை மீஜூவுக்குச் சாட்சி சொல்ல ஆக்கா மலையினத்து ஆம்பிளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

"உட்காருங்க. இது மானுடவியல்காரங்களுக்கு. சட்டம் இதையெல்லாம் நம்பாது" என்றார் சுவன்னி. அவர் சட்டத் துறை.

உயிரியல் துறை கிட்டி ஓர் உறையைக் கிழித்தார். உள்ளே மரபணுச் சோதனைக்கு எச்சில் எடுக்கும் பஞ்சுக்குச்சி.

லோச்சா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

எல்லையோரச் சியாங் ராய்க் கல்லூரியில் மூன்று துறைகள் சேர்ந்து குடியுரிமையையும் இனத்தையும் ஆராய்கின்றன. அதில் மீஜூ மாணவி. ஆராயப்படுகிறவர்களில் ஒருத்தியும் அவள்தான். அறுப்பு நேரத்தில் மலைவயலில் பிறந்தவளை யாரும் பதியவில்லை. குடியுரிமை அட்டை இல்லாமல் மாவட்டம் தாண்டவே அனுமதி கேட்க வேண்டும். பட்டம் வாங்கினாலும் பள்ளிக்கூட வேலை கிடையாது.

ஜேலோவின் மகன் என்று பதிவானதால் அண்ணனுக்கு அட்டை உண்டு. அப்பனும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; இருவரும் ஒரே அப்பனின் பிள்ளைகள் என்று பஞ்சு சொல்லிவிட்டால் இவளுக்கும் கிடைத்துவிடும்.

"மூணு மாசமா உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றேன். இந்தப் பொண்ணு இழுத்தடிச்சிட்டே இருக்கு. ஏம்மா, கார்டு உனக்கா, எனக்கா?" என்றார் சுவன்னி.

எல்லோரும் சிரித்தார்கள். மீஜூ சிரிக்கவில்லை.

பஞ்சு பொருந்தாது. லோச்சாவுக்கு அது தெரியும்.

அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஜேலோ பெற்றதில்லை. கோழி அறுத்து, முன்னோருக்குச் சொல்லி, ஊர் ஏற்றுக்கொண்டபின் பெற்ற பிள்ளை, எடுத்த பிள்ளை என்ற பேச்சே எழுந்ததில்லை. ஆனால் இந்தப் பாழாய்ப்போன பஞ்சுக்குக் கோழியும் தெரியாது, முன்னோரும் தெரியாது.

ஓடிவிடலாமா என்று பார்த்தான். கதவருகே மானுடவியல்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றிருந்தார்.

"வாயைத் திறங்க. வலிக்காது" என்றார் கிட்டி.

தங்கையைப் பார்த்தான். பாவம், எதுவும் தெரியாதவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வது?

வாயைத் திறந்தான்.

மீஜூ எழுந்து வந்து கிட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார். முன்னோர் பேர் சொன்ன வாயில எச்சில் எடுக்கக் கூடாது. எடுத்தா வம்சமே அத்துப்போகும். எங்க வழக்கம்."

"இன்னிக்கு வேணாம்னா நாளைக்கு?"

"ஒரு தடவை சொன்ன வாய்னா சொன்ன வாய்தான் சார். என்னிக்குமே கூடாது."

மானுடவியல்காரர் பரபரவென்று குறித்துக்கொண்டார். இப்படியொரு வழக்கத்தை அவர் எங்கும் படித்ததில்லையாம். லோச்சாவும்தான் கேள்விப்பட்டதில்லை.

சுவன்னி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா உன் விண்ணப்பம் இதோட முடிஞ்சுதும்மா. வேற சொந்தமும் உனக்கு இல்ல."

"தெரியும் மேடம்."

தாழ்வாரத்தில் மீஜூ விடுவிடுவென்று நடந்தாள். அவளை எட்டிப்பிடிக்க லோச்சாவுக்கு மூச்சு வாங்கியது.

"பைத்தியமாடி உனக்கு? உன் கார்டு?" என்று தங்கள் மொழியில் கத்தினான்.

அவள் நின்றாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"கார்டு இல்லாம இருந்து எனக்குப் பழகிப்போச்சுண்ணே. உன் புள்ளைங்களுக்குப் பழக்கமில்ல."

எல்லைக்கு அப்பாலிருந்து மூங்கில் கூடையில் வந்த குழந்தை தான்தான் என்பது, அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டது என்றுதான் லோச்சா அதுவரை நினைத்திருந்தான்.