ஐந்தாவது தாள்

"யார் சொல்லி இப்படிப் பண்ணுனீங்க?"

பூங்குழலி கேட்டதும் ஒச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேசைமேல் ஐந்து வட்டத் தாள்கள். நாலு தாள் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஐந்தாவது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அது ஒச்சம்மாளின் தாள்.

பூங்குழலி கோயமுத்தூரில் ஒரு காலேஜில் காற்றுத் தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பனியன் கம்பெனிகளில் மிஞ்சுகிற வெட்டுத் துணியைத் திரும்பப் பஞ்சாக அடிக்கிற மில் இது. மண்ணரை என்கிற ஊரில் இருக்கிறது. இங்கே வேலை செய்கிறவர்கள் நெஞ்சுக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூசி போகிறது என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

காலையில் ஐந்து பெண்களின் இடுப்பில் ஆளுக்கொரு சின்ன மோட்டாரைக் கட்டிவிட்டாள். அதிலிருந்து வரும் குழாயைத் தோள்பக்கம் சேலையில் ஊக்கால் குத்திவிட்டாள். மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றைக் குழாய் இழுக்கும். அதன் வாயில் இருக்கிற தாளில் தூசி தங்கிவிடும்.

முதலாளி லிங்கசாமியைச் சம்மதிக்க வைக்கவே மூன்று மாசம் ஆகியிருந்தது. அவர் ஒரே ஒரு பேச்சுத்தான் சொல்லியிருந்தார்.

"மிசினு வாய்க்கிட்ட நிக்கறவங்க தாள் கறுத்துதுன்னா எக்ஸாஸ்ட் பேன் மாட்டித் தர்றனுங்க. இல்லீன்னா இந்தப் பேச்சை உட்டுரோணுங்க."

மிசின் வாயில் பன்னிரண்டு வருசமாக நிற்பவள் ஒச்சம்மாள்தான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அவள் இருமினால் லைன் வீட்டில் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அவள் தாளே வெள்ளை என்றால் பேன் எங்கே வரும்?

பக்கத்தில் நின்ற, ஐந்து பேரில் ஒருத்தியான மயிலாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். காலையில் மிசின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒச்சம்மாள் முதலாளி ரூமுக்குப் போனதை அவள் பார்த்தாளாம். திரும்பி வரும்போது சிரித்த முகமாக வந்தாளாம். வந்ததும் குழாயைத் துணியால் மூடிக் கட்டினாளாம்.

"அவ மூச்சை வித்தாப் பரவாயில்லீங்க. எங்க மூச்சையும் சேத்து வித்துப்போட்டா."

ஒச்சம்மாள் மயிலாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

பூங்குழலி மயிலாளை வெளியே அனுப்பிவிட்டு, ஒச்சம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதலாளி சொல்லித்தான் குழாயை மூடுனீங்களா?"

"அவருகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் மூடுனேன் தாயி."

"கேட்டீங்களா?"

"ஆமா. மூடிக் கட்டட்டுமான்னு கேட்டேன். சிரிச்சாரு. நல்லாக் கட்டு, இறுக்கிக் கட்டுன்னாரு."

"அவருகிட்ட எதுக்குப் போய்க் கேட்டீங்க? மூடணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான தாயி சொன்ன?"

"நானா?"

"காலையில கட்டிவிடும்போது சொன்னியே. காலேஜு மிசினு, விலை ஒசந்தது, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு. இங்க எந்த மிசினா இருந்தாலும் பஞ்சு போயி அடைச்சா எங்களத்தான் திட்டுவாங்க. கொஞ்ச நேரத்துல அந்தக் குழா வாயில பஞ்சு படிய ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் பயமாப் போச்சு. அதான் மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டேன்."

அந்தத் தாள் எதற்கு, அது கறுத்தால் என்ன வரும் என்று பூங்குழலி முதலாளியிடம் அரை நாள் உட்கார்ந்து விளக்கியிருந்தாள். இந்த ஐந்து பேரிடம் கழற்ற வேண்டாம், நனைக்க வேண்டாம், பத்திரம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ஒச்சம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இப்படிப் பண்ணிப்புட்டேனே என்றாள்.

பூங்குழலி எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் காலேஜுக்குப் பேசினாள். மோட்டாரை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளக் கேட்டு வாங்கினாள். மயிலாளையும் கூட்டிவந்து, நடந்ததை அவளிடமும் சொன்னாள். மயிலாள் ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"நாளைக்கு மூடாமக் கட்டிக்கிறேன் தாயி" என்று சொல்லிவிட்டு, ஒச்சம்மாள் இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்தாள். குழாயை மூடிய துணி. கம்பளி மாதிரி தூசி அப்பியிருந்தது.

"மில்லு பூரா துணி கெடந்தாலும் எல்லாம் ஒரே தூசி. இது ஒண்ணுதான் வீட்டுல அலசி எடுத்தாந்தது. எம் மூக்குல கட்டுறது. அவுத்துக் குழாய்க்குக் கட்டிட்டேன்."

"அப்போ இன்னைக்குப் பூரா வெறும் மூக்கோடயா நின்னீங்க?"

"எனக்குப் பழகிப்போச்சு தாயி. பாவம், மிசினுக்குப் பழக்கமில்லையில்ல."