வறண்ட ஆற்றில் நனைகிறவர்

என் கணவரை இழந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இன்னும் முடியவில்லை. துபாயின் ஹத்தா மலைகளுக்கு நடுவே ஒரு சிறு கிராமம். லீவுக்கு எடுத்த வாடகை வீட்டின் வாசலில் நிற்கிறேன். கீழே, வறண்ட ஆற்றின் நடுவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நனைகிறார். ஜெபல் அலிக் கிடங்கு வேலையில் மழையையே மறந்துபோன மனிதர். இங்கே எங்கள் ஆட்களுக்கு மழை வந்தால் ஒதுங்கத் தோன்றாது. இறங்கி ஓடத்தான் தோன்றும். துளி விழுந்த கூழாங்கற்கள் கறுக்கின்றன. சூடான மண் மணக்கிறது. அவர் அதிராம்பட்டினத்துக்குப் போன் போட்டு, அதை வானத்தை நோக்கிப் பிடிக்கிறார். “உம்மா, மழை கேக்குதா? நம்மூரு மழை மாதிரியே இல்ல?” மலை உச்சிகள் கருமேகத்தில் மறைந்துவிட்டன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பலூச்சிக் கிழவர் கரையில் நின்று, சீக்கிரம் மேலே ஏறி வரச் சொல்லிக் கத்துகிறார். “பாய், ஜல்தி ஊப்பர் ஆவோ!” என் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஓசியில குளிக்கிறதுகூட இவருக்குப் பொறுக்கல பாரு.” எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. ஆற்றின் வளைவுக்கு அப்பால், லாரி கற்களைக் கொட்டுவதுபோல, நிற்காமல். “மச்சான், மேல வாங்க! வெள்ளம் வருது!” அவர் கையை உயர்த்தி என்னை அமர்த்துகிறார், போனைக் காதில் அழுத்திக்கொள்கிறார். “சத்தம் போடாத புள்ள. அது என்ன இரைச்சல்னு உம்மா கேக்குது.” பழுப்புத் தண்ணீர் வளைவில் திரும்புகிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் சொல்கிறார்: “மழைதான் உம்மா. வேற ஒண்ணுமில்ல, மழைதான்.”