துண்டுதான் தாழ்ப்பாள்

நேற்று குற்றாலத்தில் குளித்த பசிக்கு விழுங்கிய பலாச்சுளைகள், கணக்கப்பிள்ளை நமசிவாயத்தைப் பழிவாங்கிக்கொண்டிருந்தன. காலையில் ஒருமுறை போய்வந்தும் அடங்கவில்லை. தென்காசி ஜவுளிக்கடையின் பின்பக்கம் மறுபடி ஓடினார்.

கக்கூஸ் கதவில் துண்டு தொங்கியது.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, துண்டுதான் தாழ்ப்பாள். அது தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். வெளியே நிற்பவர் கதவைத் தொடக் கூடாது, உள்ளே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. கடையில் இந்தச் சட்டத்தைப் போட்டவரே நமசிவாயம்தான்.

செருமிப் பார்த்தார். அசைவில்லை. கட்டியிருந்ததோ வெள்ளை வேட்டி. கடை நிறையக் கல்யாண ஜவுளிக் கூட்டம் வேறு.

"ஐயா, புண்ணியமாப் போவும், வெளிய வாரும்!"

துணி கிழிக்கிற நம்பிராஜனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இன்னுமா வரலை, அண்ணாச்சி? நானும் காலையிலேருந்து வந்து வந்து பாத்துட்டுப் போறேன். உள்ள குடித்தனமா பண்ணுதான்?"

"எவன்னு தெரியட்டும்லே, கடை நடுவுல நிறுத்தி மானத்த வாங்குதேன்!"

"எப்படித் தெரியும்? எல்லாருக்கும் முதலாளி ஒரே துணிச் சுருள்ல கிழிச்சுக் குடுத்த துண்டுல்லா?"

"வண்ணான் ஆளுக்கொரு குறி போட்டிருப்பாம்லா?"

துண்டின் முனையைத் திருப்பினார். ஒரு கோடு, அதன்மேல் புள்ளி. மெல்லத் தன் தோளைத் தடவினார். வெறும் தோள்.

மறுகணம் கதவைத் தள்ளி உள்ளே பாய்ந்தார்.

"உள்ள ஆளே இல்லையா! அப்போ இது யாரு துண்டு, அண்ணாச்சி?"

உள்ளே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. நமசிவாயம் திறக்கவில்லை.